பாண்டான் மணக்காத ஈரம்

எனக்கு எழுத்துக் கோர்வையாக வராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஒன்றை எழுதும்போது வேறொன்று ஞாபகம் வந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் முதலில் சொல்ல வந்தது மறந்து போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு வராது. அதனால்தான் நம் குடியிருப்பு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுத வேண்டுமாம். மற்றவர்கள் அம்மாவைப் பற்றி எழுதுவார்கள் என்று நினைத்து நான் வேறு ஆளை எடுத்துக்கொண்டேன்.

அவர் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன்.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய பிளாட்டின் இரண்டாவது மாடியில் அக்காவும் அவர் தம்பியும் இருந்தார்கள். சிலோன்காரர்கள். அக்கா ரயில்வேயில் படம் வரையும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பாலம், பெட்டி, தூண் எல்லாவற்றுக்கும் அளவு போட்டு வரைகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. தம்பி டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கோயிலில் தேவாரம் பாடுவார். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். காலையில் போய்ச் சமைத்து, வீடு கூட்டித் துடைத்து, மதியம் திரும்பிவிடுவது என் வேலை. இரட்டைக் கோபுரம் புதிதாக எழுந்து நின்ற காலம் அது. பிரிக்பீல்ட்ஸில் புது ஸ்டேஷன் கட்டுவதற்காகப் பகல் முழுக்க அஸ்திவாரத் தூண்களை மண்ணுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பேசும்போது அடிக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசிப் பழகியிருந்தோம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அவர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார்.

நான் வேலைக்குப் போன முதல் நாள் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், முன்பு எங்கே வேலை என்று எதுவும் இல்லை. கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டார். நான் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்தார், துடைப்பத்தை எங்கே சாய்த்து வைக்கிறேன் என்று பார்த்தார். மதியம் ஒரு சாவியை என் கையில் வைத்தார். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது.

மீன் வாங்கப் போனால் இது இன்னும் மோசம். பாசாரில் மீன்காரர் இன்றைக்கு வந்தது என்று தொண்டை கிழியக் கத்துவார். அக்காவுக்கு அது காதிலேயே விழாது. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், விரலால் அழுத்துவார், பிறகு மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். ஒரு மீனுக்கு இத்தனையும் நடக்கும். ஒருநாள் மீன்காரர் பொறுக்க முடியாமல் சொன்னார்: "அக்கா, மீனை வாங்கப் போறீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அடுத்த மீனை எடுத்து மோந்தார்.

ஒரு முறை நான் தொப்பலாக நனைந்து வந்து கதவில் நின்று, வெளியே நல்ல மழை அக்கா என்றேன். அவர் ஜன்னலுக்குப் போய் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுக்கச் சொன்னார்.

இதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். எப்போதாவது சொல்லுவார். "ஆக்களைக் கேட்டால் தாங்கள் விரும்பினதைச் சொல்லுவினம். சாமானைப் பார்த்தால் அது உள்ளதைச் சொல்லும்."

அது சரியாக இருக்கலாம். எனக்கு மட்டும் சில நாள் ஒருமாதிரி இருக்கும். ஒரு தடவை பல்வலியில் கன்னம் வீங்கிப் போய் வேலைக்குப் போனேன். காலை முழுக்க என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் போனால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் கிராம்புத் தைலம் வைத்திருந்தது. அடுப்பில் எனக்கென்று குழையக் காய்ச்சின கஞ்சி. எல்லாம் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். ஆனாலும் என்னவென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே நினைத்தேன்.

அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது அதற்குப் பிறகு. முதலில் பாடும்போது குரல் உடைந்தது. பிறகு பேசும்போதும் உடைந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, பேச்சு இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். சீனப் புத்தாண்டுப் பெருநாள் கழிந்ததும் வந்து படுக்க வேண்டும். அண்ணன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, எப்போதும் போலக் கொத்தமல்லித் தண்ணீர் கேட்டார். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று காலையும் மாலையும் நான் அவித்து வைப்பது.

அக்கா அழவில்லை. தன் கம்ப்யூட்டருக்குப் போய் மைக்கைச் செருகினார். தம்பியின் குரல் போவதற்கு முன் அவர் பாடுவதைப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அவரே வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை, செய்வதைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொண்டோம். ஓய்வு பெற்ற பிறகு படம் வரைவதற்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் அது. வாங்கிய அன்றே திறந்து பார்த்தவர், பிறகு அதன் மூடியைத் திரும்பப் போடவே இல்லை.

முதல் தடவை பிடித்ததைப் போட்டுக் காட்டியபோது நானும் நின்று கேட்டேன். பெட்டிக்குள் சுற்றும் விசிறிகளின் சத்தம் தகரக் கூரையில் மழை பெய்வது போல் இருந்தது. அதற்குப் பின்னால் யாரோ முனகுவது போல் அண்ணன். பிறகு டேப் ரெக்கார்டரில் பிடித்தார். டேப்பில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்குமாமே, அண்ணன் குரல் அந்த இரைச்சலைவிட மெல்லியதாகப் போயிருந்தது. மைக்கைக் கூடத்துக்குக் கொண்டுபோனால் அங்கே ஜன்னல் ரோட்டைப் பார்த்தது, நீள வயர் போட்டால் வயரே உறுமியது. உள்ளறை ஒன்றுதான் ரோட்டுக்கு முதுகைக் காட்டியிருந்தது. கம்ப்யூட்டரும் அங்கேதான். ஆக விசிறியை நிறுத்த வேண்டும். விசிறியை நிறுத்தினால் உள்ளே இருக்கும் சில்லு சூட்டில் கருகிப் போகும்.

அக்கா சில நாள் படம் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு விசிறிக்குப் பதில் தண்ணீர் என்று முடிவு பண்ணிவிட்டார். கார் எஞ்சினைத் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கிறது அல்லவா, அதே முறைதான். சில்லின் மேல் ஒரு செம்புக் கட்டி. கட்டிக்குள் தண்ணீர் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வரும். அங்கே ஆறிவிட்டுத் திரும்பப் போகும். இது எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

இதற்குச் சாமான் வாங்க என்னையும் கூட்டிப் போவார். பை தூக்க ஆள் வேண்டும். இம்பி வட்டாரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரச் சீனர் அக்காவின் படத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பட்டால் செத்துப் போகும் ஆன்டி, மீன் வளர்க்கப் போறீங்களா என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். அக்கா அங்கே இருந்த ஒரு பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிள்ளானில் பழைய இரும்புக் கடையில் கனமான செம்புத் துண்டு கிடைத்தது. பக்கத்துப் பட்டறையில் கொடுத்து அதன் மேல் செம்புத் தகட்டை மூடி ஈயம் பற்றவைத்துக்கொண்டார். ரேடியேட்டர், உடைந்த மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து விற்கும் கடையில்.

பம்பு கிடைத்த விதம் மட்டும் வேறு. எங்கோ போக மினி பஸ் ஏறினோம். இது அங்கே போகுமா என்று கண்டக்டரைக் கேட்கலாம் அக்கா என்று நான் மெதுவாகச் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் பஸ் எங்களைச் செலாயாங் மொத்த பாசாரில் இறக்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அக்காவோ உயிர்மீன் விற்கிற தொட்டிகளுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். தொட்டிக்குள் முழுகிக் கிடந்த ஒரு சின்னப் பம்பு, சத்தமே இல்லாமல் தெளிவான பிளாஸ்டிக் குழாய் வழியாகத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் காதை வைத்துக் கேட்டார். மீன்காரர் ஒதுங்கிக்கொண்டார். மறுநாள் அதே மாதிரி பம்பும் குழாயும் வீட்டுக்கு வந்தன.

வீட்டில் எதுவும் பத்திரமாக இல்லை. பலகாரம் போட்டு வைக்கும் சிவப்பு மூடி பாட்டிலைக் கேட்காமல் எடுத்து, முறுக்கைத் தட்டில் கொட்டிவிட்டு, அதற்குள் பம்பை வைத்தார். ஹார்ட் டிஸ்க் என்று ஒரு சாமான் கரகரக்கும். நான் பாவாடைக்கு வாங்கி வைத்திருந்த எலாஸ்டிக்கை இழுத்துக் கட்டி அதை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டார், கரகரப்பு நின்றுவிட்டது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கரண்டுப் பெட்டியின் விசிறியை மட்டும் நிறுத்த முடியவில்லை. அதற்குப் போகும் கரண்டைக் குறைத்து, சோம்பேறி மாதிரி சுற்ற வைத்தார். அதன் சத்தம் யாருக்கும் கேட்காது. தண்ணீர் என்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர். அதில் அகார்-அகார் பலகாரம் செய்வதற்கு வைத்திருந்த பாண்டான் இலை எசென்ஸைக் கலந்தார். பச்சையாகிவிட்டது, வீடெல்லாம் பாண்டான் மணம். எதற்கென்று நானும் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருந்து எனக்கும் கேட்கிற பழக்கம் குறைந்துவிட்டது. அவரே சொன்னார்: "ஒழுகினால் நிறம் காட்டும். நிறம் தெரியாட்டில் மணம் காட்டும்."

கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுப்பதற்கு முன்னால் பம்பை மட்டும் சுவரில் செருகி, ஓர் இரவு முழுக்கவாவது தண்ணீரை ஓடவிட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே வெள்ளை டிஷ்யூவை மடித்து வைப்பார். எல்லாம் காய்ந்து இருந்தால்தான் சுவிட்ச். ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் மொத்தமும் போச்சு, இரண்டாவது செய்ய நாள் இல்லை.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பாட்டுப் பாடப் போகிறார் என்றுகூட அக்கா கேட்கவில்லை. தானே அண்ணனின் பழைய தேவாரப் புத்தகத்தில் காகிதம் செருகி அடையாளம் வைத்து மைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

சீனப் பெருநாளைத்தான் அவர் கணக்குப் பண்ணியிருந்தார். அந்த இரண்டு நாள் மட்டும் தூண் அடிக்க மாட்டார்கள். ராத்திரியெல்லாம் மண் ஏற்றும் லோரியும் ஓடாது, பட்டறைகள் மூடியிருக்கும். அது முடிந்ததும் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிடித்தால் அந்த இரண்டு நாளில் பிடிக்க வேண்டும், விட்டால் இல்லை.

பெருநாளுக்கு முதல் நாள் நான் வேலை முடித்துக் கிளம்பும் நேரம். அக்கா குனிந்து ஒரு டிஷ்யூவை எடுத்தார். பச்சை. ரேடியேட்டரில் குழாய் சேரும் இடத்தை இறுக்கும் கிளிப்பின் திருகு மரை தேய்ந்து, இறுக்கினாலும் வழுக்கியது. அக்கா பையை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். போனவர் வெறுங்கையோடு வந்தார். பெருநாள் விருந்துக்குச் சீனர்கள் எல்லாரும் மதியமே கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரும்புக் கடை, மோட்டார் பட்டறை, மீன் சாமான் கடை எல்லாம் சீனர்களுடையது. எந்தப் பெருநாளின் அமைதிக்காக அக்கா காத்திருந்தாரோ, அந்தப் பெருநாளுக்காகத்தான் கடைகளும் மூடியிருந்தன. தரையில் உட்கார்ந்து அந்தக் கிளிப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நானாக வாய் திறந்து பேசுவது அபூர்வம். அன்று சொன்னேன். "அக்கா, எங்க வீட்டு கேஸ் டியூப்ல இதே மாதிரி ஒண்ணு இருக்கு."

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டார். என் சொல்லை நம்பி என்னை அனுப்புகிற ஆளா? அளவு பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். அதுவரை அவர் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. என் வீட்டுக்காரர் லோரி டிரைவர், லீவில் வீட்டில் இருந்தார். அக்கா நேராகச் சமையலறைக்குப் போய் கேஸ் டியூப்பை அளந்தார். சிலிண்டரை மூடினார், கிளிப்பைக் கழற்றினார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"கடையெல்லாம் அடைச்சிருக்கு. நாளைக்குச் சோறு யாரு பொங்குறது, கம்ப்யூட்டரா?" என்றார் என் வீட்டுக்காரர்.  மறுநாள் எனக்கு லீவு. அடுப்பு இல்லாததால் அக்கா வீட்டிலேயே சமைத்து எடுத்துவரலாம் என்று காலையில் போனேன். அதனால்தான் நான் அங்கே இருந்தேன். இல்லையென்றால் இந்தக் கதை எனக்குத் தெரிந்திருக்காது.

ரோடு அப்படி வெறிச்சென்று இருந்து நான் பார்த்ததில்லை. நான் கொத்தமல்லித் தண்ணீர் அவித்து அண்ணனிடம் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். புதுக் கிளிப்புக்குக் கீழே இருந்த டிஷ்யூ அவர் கையில். நனைந்திருந்தது.

 மறுபடியும் ஒழுகினால் வேறு கிளிப் தேடி, மறுபடியும் ஓர் இரவு ஓட்ட வேண்டும். கடை திறப்பதற்குள் பெருநாள் போய்விடும்.

அக்கா டிஷ்யூவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பச்சை இல்லை. மூக்குக்கிட்டே கொண்டுபோனார். மீனை மோப்பது போலவே மோந்தார். பிறகு என்னிடம் நீட்டி, "மணந்து பாரும்" என்றார்.

பாண்டான் மணம் இல்லை. மல்லி மணந்தது. காலையில் நான் அவித்த மல்லி.

அண்ணன் கட்டிலில் இருந்தார். காலி டம்ளர் பக்கத்தில் இருந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எல்லா மூட்டிலும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. கிளிப் நன்றாகப் பிடித்திருந்தது. இனி சுவிட்சைப் போடலாம். போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். பச்சைத் தண்ணீர் குழாயில் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போகவா நிற்கவா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா அந்த டிஷ்யூவைச் சின்னதாக மடித்தார், பிறகு இன்னும் சின்னதாக மடித்தார்.

பிறகு கேட்டார். நான் அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவர் யாரிடமாவது கேட்டு என் காதில் விழுந்த முதல் கேள்வி அதுதான்.

"தம்பி, உனக்கு இது வேண்டாமோ?"

அண்ணன் சுவரிலிருந்து பார்வையைத் திருப்பினார். அவர் பேசுவது காற்று மாதிரித்தான் வரும், கிட்டப் போய்க் கேட்க வேண்டும். அன்று வெளியே சத்தமே இல்லாததால் கதவிலிருந்த எனக்கே கேட்டது.

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே அக்கா."

"இப்ப கேக்கிறன்."

"இந்தக் குரலிலை பாடி வைச்சால், பிறகு கேக்கிறவை இதுதான் என்ரை குரல் எண்டு நினைப்பினம். நான் பாடினது கோயிலிலை கேட்ட ஆக்களுக்குத் தெரியும். அது போதும்."

அக்கா மைக்குப் பக்கத்தில் இருந்த தேவாரப் புத்தகத்தை எடுத்து, செருகி வைத்த காகிதங்களை ஒவ்வொன்றாக உருவினார். அதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். எத்தனை வாரமாகச் செய்த பெட்டி. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு இரண்டாவது கேள்வி. "அப்ப உனக்கு என்ன வேணும்?"

அண்ணன் டம்ளரைக் கையில் எடுத்து உருட்டினார். "ஆஸ்பத்திரியாலை வந்த பிறகு," என்றார், "நான் தேத்தண்ணி எப்பிடிக் கேக்கிறது?"

அக்கா அவரையே பார்த்தார். பிறகு எழுந்து சுவிட்சைப் போட்டார். பெட்டி உயிர் பெற்றது, ஒரு சத்தமும் இல்லை. திரையில் வெளிச்சம் வந்ததை வைத்துத்தான் ஓடுகிறது என்று தெரிந்தது.

அன்று அண்ணன் பாடவில்லை, பேசினார். ஒவ்வொன்றுக்கும் அக்கா என்ன வேண்டும் என்று கேட்டார், அவர் யோசித்துச் சொன்னார், அக்கா பிடித்துக்கொண்டார். ஓம், அவர்கள் பேச்சில் ஆமாம். இல்லை. வேண்டாம். இது மட்டும் நல்ல அழுத்தமாக வந்தது. ஃபேனை நிப்பாட்டுங்கோ. ஆர் வந்திருக்கினம். குழம்பிலை உப்புக் காணாது என்று ஒன்றைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியாகத்தான், "தேத்தண்ணி தாங்கோ பிள்ளை." தேத்தண்ணி என்றால் டீ, பிள்ளை என்றால் நான்.

அதைச் சொல்லும்போது பார்த்து எங்கிருந்தோ பெருநாளுக்கு ஆடும் சிங்க நடனக்காரர்களின் லோரி ஒன்று கொட்டும் ஜால்ராவுமாகப் பின் ரோட்டில் போனது. அத்தனை பாடுபட்டு அமைதி பண்ணின அறைக்குள் டொங்கு டொங்கென்று நுழைந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் தேத்தண்ணிக்குப் பின்னால் முழுக் கொட்டு. அக்கா முகம் சுருங்கியது, மறுபடி பிடிப்போம் என்றார். அண்ணன் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. அக்கா கையை நிறுத்திவிட்டுக் கேட்டார், இருக்கட்டுமோ என்று. இருக்கட்டும் என்றார். அவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார், சோதித்துப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து அண்ணன் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கா கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சின்னப் படம் வரைந்து ஒட்டியிருந்தார். கோப்பைக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று. அளவு பிசகாத படங்கள். அழுத்தினால் அண்ணன் பேசுவார். நான் சமையலறையில் இருக்கும்போது உள்ளேயிருந்து கொட்டுச் சத்தம் வரும். வார்த்தை காதில் விழுவதற்கு முன்பே நான் கெட்டிலை அடுப்பில் வைத்துவிடுவேன். என்னைச் சீண்ட வேண்டுமென்றால் அதையே திரும்பத் திரும்ப அழுத்துவார். வீட்டுக்குள் சிங்கம் ஆடுவது போல் இருக்கும்.

அக்காவும் அவரிடம் மட்டும் கேட்கப் பழகினார். கஞ்சியா, இடியப்பமா? ஜன்னலைத் திறக்கவா? அவர் அழுத்துவார், பெட்டி ஓம் என்னும், வேண்டாம் என்னும். மீனிடமும் மழையிடமும் பழைய மாதிரியேதான். என்னிடமும்.

அடுத்த சீனப் பெருநாளுக்கு அண்ணன் இருந்தார். அதற்கடுத்ததற்கு இல்லை. தொண்டையால் அல்ல, நெஞ்சு வலி. காரியம் முடிந்து பல நாள் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. பச்சைத் தண்ணீர் சுற்றும், யாரும் பொத்தானை அழுத்த மாட்டோம். தூசு துடைக்கும்போது கை பட்டுவிடுமோ என்று நான் கீபோர்டுக்குக் கிட்டேயே போகவில்லை. ஒருநாள் காலை கதவைத் திறந்தபோது வீடெல்லாம் பாண்டான் மணம். அக்கா தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டிவிட்டு, சிவப்பு மூடி பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சுபாங் ஜெயாவில் இருந்த உறவினர் வீட்டுக்கு அவர் போய்விடுவதாக முடிவாயிற்று. நான் கடைசியாகப் போன அன்று சாமான் எல்லாம் கட்டியாயிற்று. என் கையில் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார். என் கேஸ் டியூப்பின் கிளிப். அந்தப் பெருநாள் முடிந்த வாரமே நான் வேறு வாங்கிப் போட்டுவிட்டேன், அதை மறந்தும் போயிருந்தேன். "பாரும், துருப்பிடிக்கேல்லை" என்றார்.

பிறகு தானே அடுப்பைப் பற்றவைத்துக் கெட்டிலை வைத்தார். அந்த வீட்டில் எனக்கு ஒருவர் அடுப்புப் பற்றவைத்தது அந்தக் கஞ்சிக்குப் பிறகு அன்றுதான். தண்ணீர் கொதிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"உமக்குத் தேத்தண்ணியோ, கோப்பியோ?"

இத்தனை வருடம் அந்த வீட்டில் அவர்கள் குடித்ததையே நானும் குடித்திருக்கிறேன். தேத்தண்ணி எனக்குப் பிடிக்காது. "கோப்பி அக்கா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கோப்பித் தூளைத் தேடினார். இருவரும் நின்றுகொண்டே குடித்தோம். பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இப்போது நான் மகளோடு சுங்கை பூலோவில் இருக்கிறேன். சீனப் பெருநாள் அன்று சிங்க நடன லோரி எங்கள் தெருவில் போகும்போது பேரப்பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள். நான் கெட்டிலை அடுப்பில் வைத்துவிடுவேன். குடிக்க ஆள் இருக்காது. தண்ணீர் ஆறிப் போகும்.

மலர் அச்சுக்குப் போவதற்கு முன் விவரம் தெரிந்த யாராவது இதைப் பார்த்துத் தர வேண்டும். ரேடியேட்டர் மோட்டார் சைக்கிளுடையதா, சின்னக் காருடையதா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. தண்ணீர் போகும் வழியையும் மாற்றி எழுதியிருப்பேன். என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லுவேன். அக்கா என்றால் அதை வாங்கிக்கொள்ள மாட்டார். அப்படி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தே சரி பண்ணிவிடுங்கள்.